பத்துக்குப் பத்துக் கூடத்துக்கு எத்தனை இன்ச் டி.வி.?

போன தீபாவளிக்குப் போனஸ் கைக்கு வந்த மறுநாளே என் மாமா 55 இன்ச் டி.வி. வாங்கிவிட்டார். திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறார். வாசலைத் தாண்டினால் பத்துக்குப் பத்தில் ஒரு கூடம், அதற்குப் பின்னால் சமையலறை, வீடு அவ்வளவுதான். ஒரு சுவர்ப் பக்கமாகக் கட்டில் கிடக்கும். எதிர்ச்சுவரில் டி.வி.யை மாட்டி முடித்த பிறகுதான் சுவர் அலமாரியின் கதவு பாதிக்குமேல் திறக்கவில்லை என்பது தெரிந்தது. அத்தை பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் சமையலறைக்கு இடம்பெயர்ந்தது. சரி, படமாவது நன்றாக இருந்ததா? செய்தி வாசிப்பவரின் முகம் சாயம் போன பனியன் மாதிரி இருந்தது.

“கடையில் பளிச்சென்று இருந்தது கண்ணு. வீட்டுக்கு வேறு பெட்டியை அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது” என்றார் மாமா.

போய்ப் பார்த்தேன். அதே பெட்டிதான். கடையில் அதைப் பத்தடிக்கு அப்பால் நின்று பார்த்திருக்கிறார். அங்கே ஓடியது தயாரிப்பாளரே கொடுத்த துல்லியமான விளம்பரப் படம். வெளிச்சமும் உச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. வீட்டிலோ கட்டிலில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் ஆறடிதான். அதில் ஓடுவது கேபிள். டி.வி. மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த எல்லாம் மாறிவிட்டன. ஆகவே கோவை கிராஸ்கட் ரோட்டுக்கோ ஈரோடு பிரப் ரோட்டுக்கோ பஸ் ஏறுவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்துமுடிக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. அதற்கு வேண்டியது தையல் டேப் ஒன்று.

முதலில் இந்த ‘இன்ச்’ கணக்கு. 43 இன்ச் என்பது அகலமும் இல்லை, உயரமும் இல்லை. திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்த நீளம். இன்றைய டி.வி.க்கள் எல்லாமே 16-க்கு 9 என்ற விகிதத்தில் வருவதால் குறுக்களவு தெரிந்தால் மற்றதைக் கணக்குப் போட்டுவிடலாம். 32 இன்ச் திரை 71 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் இருக்கும். 43 இன்ச் என்றால் 95-க்கு 54. 50 இன்ச் 111-க்கு 62. மாமாவின் 55 இன்ச் 122-க்கு 68, அதாவது முழுதாக நான்கடி அகலம். பத்தடிச் சுவரில் நான்கடி ஒன்றும் பெரிதில்லையே என்று தோன்றும். ஆனால் அந்தச் சுவரில்தான் அலமாரி இருக்கிறது, சுவிட்ச் பெட்டி இருக்கிறது, ஒரு ஓரத்தில் சாமி படம் இருக்கிறது. சின்ன வீட்டில் சுவர் சும்மா இருப்பதே இல்லை. எனவே தூரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, சுவரில் உண்மையில் காலியாக இருக்கும் இடத்தின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதற்குமேல் அகலமான டி.வி.யைப் பற்றிக் கடையில் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது தூரம். ‘கிட்டே உட்காராதே, கண் கெட்டுவிடும்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் பழைய குழாய் டி.வி. காலத்தது. அந்தப் படம் கோடுகோடாக, மினுக்கிக்கொண்டு இருக்கும். தள்ளி உட்கார்ந்தால்தான் கண்ணுக்கு இதம். ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பிவிட்டுக் கூரைமேலிருந்து “இப்போது தெரிகிறதா?” என்று கத்திய தலைமுறைக்குப் புள்ளிப் புள்ளியாகத் தெரிவதே படம். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 இன்ச்தான். அதையும் இதே பத்தடிக் கூடத்தில் வைத்துத்தான் குடும்பமே பார்த்தது. போதாததற்கு, குழாய் டி.வி.யின் முதுகு சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். இன்றைய தட்டை டி.வி. சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, மினுக்குவதும் இல்லை. ஆகவே பழைய கணக்கு செல்லாது.

புதிய கணக்கு இது. திரையின் அகலம் நம் கண்ணுக்கு ஏறக்குறைய 30 டிகிரி கோணத்தை அடைத்துக்கொண்டால், தலையைத் திருப்பாமல் முழுப் படத்தையும் பார்க்கலாம். படத்துக்குள் இருக்கும் உணர்வும் கிடைக்கும். இதைக் கூட்டல் பெருக்கலாக மாற்றினால்: கண்ணுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை இன்ச்சில் அளந்து 1.6-ஆல் வகுக்க வேண்டும். ஆறடி என்றால் 72 இன்ச், வகுத்தால் 45. கடையில் கிடைக்கும் அளவில் 43. ஏழடிக்கு 52 வரும், 50 எடுக்கலாம். எட்டடிக்கு 60 வரும், 55 தாராளம். ஐந்தடிதான் என்றால் 37 வரும். 32 போதும், 40 கிடைத்தால் அதுவும் சரி. கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் குடி முழுகாது. சினிமா மட்டும் பார்ப்பவர்கள் ஒரு படி மேலே போகலாம், 40 டிகிரி வரை பிடிக்கும் என்பவர்கள் உண்டு. நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடும் வீடு என்றால் ஒரு படி கீழே இறங்குவது நல்லது. அடியில் ஓடும் எழுத்துகளைப் பெரிய திரையில் பக்கத்திலிருந்து படிப்பது தறியில் ஓடம் போய்வருவதைப் பார்ப்பது மாதிரி. பத்து நிமிடத்தில் கழுத்து சொல்லிவிடும்.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. கையை நேராக நீட்டி விரல்களை முட்டியாக மடக்குங்கள். முட்டியின் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய 10 டிகிரி. குழந்தைக்குக் கை சிறியது, முட்டியும் சிறியது, எனவே எல்லோருக்கும் கிட்டத்தட்ட இதே கோணம்தான் வரும். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் மூன்று முட்டி அகலம் எங்கிருந்து எங்கே வருகிறது என்று பாருங்கள். வீட்டில் ஒருவரை நிறுத்தி அந்த இரண்டு இடத்திலும் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் டி.வி. அதற்குள் பழைய செய்தித்தாளை ஒட்டி இரண்டு நாள் விட்டுவிட்டால் இன்னும் நல்லது. அலமாரிக் கதவு இடிக்கிறதா, நடக்கும்போது தோள் உரசுகிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். மாமா இதைச் செய்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுத விஷயம் கிடைத்திருக்காது.

உயரத்தில்தான் நம்மூரில் எல்லோரும் தவறுகிறார்கள். டீக்கடை பெஞ்சுக்கு மேலே, பரணுக்குக் கீழே, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். டீக்கடையில் நின்றுகொண்டு ஐந்து நிமிடம் பார்ப்பவருக்கு அது பொருந்தும். வீட்டில் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து இரண்டரை மணி நேரப் படம் பார்ப்பவருக்குக் கண் இருப்பது தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில். நாற்காலியிலோ கட்டிலிலோ என்றால் மூன்றரை, நான்கடி. திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும்; சிறுகுழந்தை கை வைக்கும் என்ற பயத்துக்காக அரையடி ஏற்றலாம், அவ்வளவே.

இனி ‘ஃபுல் எச்டி’, ‘4கே’ என்று மிரட்டும் சொற்களுக்கு வருவோம். பவானி ஜமக்காளத்தை மடியில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு நூலும் தனித்தனியாகத் தெரியும். அதையே வாசலில் நின்று பார்த்தால் பட்டை பட்டையாக வண்ணம் மட்டும்தான் தெரியும், நூல் மறைந்துவிடும். திரையும் அப்படி நெய்த துணிதான். நூலுக்குப் பதில் புள்ளிகள். ஃபுல் எச்டி என்பது அகலவாட்டில் 1,920 புள்ளி, உயரவாட்டில் 1,080 புள்ளி. மொத்தம் 20 லட்சத்துக்குச் சற்று மேல். 4கே அதைப் போல நான்கு மடங்கு, சுமார் 83 லட்சம். ஆனால் அடர்த்தியான நெசவின் அருமை எத்தனை அடி தூரம் வரை கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. 43 இன்ச் ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவருக்கும் ஐந்தரை அடிக்கு அப்பால் அந்தப் புள்ளி தனியாகத் தெரியாது. ஆறடியில் உட்காருபவருக்கு 43 இன்ச்சில் ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். 32 இன்ச்சில் வரும் சாதாரண எச்டி திரையின் புள்ளியும் கிட்டத்தட்ட அதே அரை மில்லிமீட்டர்தான். எனவே ஆறடியில் அதுவும் குறையில்லை. 55 இன்ச்சில்தான் ஃபுல் எச்டி காலைவாரும். அதன் புள்ளி மறைய ஏழடிக்கு மேல் வேண்டும். அங்கே 4கே அவசியம்.

இத்தனை புள்ளிகள் இருந்தும் மாமா வீட்டில் முகம் ஏன் மங்கியது? திரை எத்தனை புள்ளி காட்டும் என்பது பாதிக் கதை. உள்ளே எத்தனை புள்ளி வருகிறது என்பது மீதிப் பாதி. கேபிளில் வரும் சாதாரணச் சேனல் அகலவாட்டில் 720, உயரவாட்டில் 576 புள்ளிதான் கொண்டுவர முடியும். பெருக்கினால் நான்கு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் இருப்பது சரியாக அதைப் போல இருபது மடங்கு. அதாவது வந்த ஒவ்வொரு புள்ளியையும் இருபது புள்ளிகளாக இழுத்துப் பரப்ப வேண்டும். ஒரு லோட்டாத் தண்ணீரில் இருபது பேருக்கு மோர் கரைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

மாமா வீட்டில் அதற்கும் மேலே ஒரு வேடிக்கை. எச்டி செட்டாப் பாக்ஸ் வைத்து, எச்டி சேனல்களுக்குத் தனியாகப் பணமும் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் பழைய டி.வி.யில் செருகியிருந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட அதே வயரை, மாட்ட வந்த பையன் புதிய டி.வி.யிலும் செருகிவிட்டுப் போயிருக்கிறான். அந்த மஞ்சள் முனை வழியாக எச்டி படம் போகவே போகாது. அதற்கு எச்டிஎம்ஐ வயர் வேண்டும். பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கி வந்து செருகினேன். செய்தி வாசிப்பவர் ஒரே நொடியில் முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிட்டார். உங்கள் வீட்டு டி.வி. மங்கலாக இருந்தால், புதிதாக வாங்குவதற்கு முன்னால் அதன் முதுகுப் பக்கம் ஒரு முறை எட்டிப்பாருங்கள். மூன்று வண்ண வயர் தெரிந்தால் பல ஆயிரம் ரூபாய் மிச்சம்.

இணையம் வழியாகப் படம் பார்ப்பவர்களுக்கு வேறு கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட்டும், 4கே-க்கு 15 மெகாபிட்டும் வேண்டும் என்கிறது. வீட்டில் நான்கு கைபேசிகள் அதே இணைப்பைப் பகிர்ந்துகொள்வதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

திரையின் வகைப் பெயர்களில் பாதி விற்பனைக்காக வைத்தவை. ‘எல்இடி டி.வி.’ என்பது உண்மையில் எல்சிடி திரைதான். பின்னால் விளக்காக எல்இடி இருக்கிறது. தானாக ஒளிராத ஒரு கண்ணாடித் திரை, அதன் முதுகில் வெளிச்சம்: அவ்வளவுதான் அமைப்பு. அந்த வெள்ளை வெளிச்சத்தைச் சாத்தியமாக்கிய நீல எல்இடிக்கு 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ‘கியூஎல்இடி’யும் எல்சிடி குடும்பமே, நடுவில் குவாண்டம் புள்ளிகள் என்னும் நுண்துகள் படலம் இருப்பதால் வண்ணம் தெளிவாக வரும். அதற்கும் 2023-இல் வேதியியல் நோபல் உண்டு. இரண்டு நோபல் பரிசுகள் நம் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன, அதில் நாம் மாமியார் மருமகள் சண்டை பார்க்கிறோம்.

‘ஓஎல்இடி’ மட்டும் வேறு சாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே விளக்கு; அணைந்தால் முழுக் கருப்பு. இருட்டில் படம் பார்க்க அதற்கு இணை இல்லை. விலையும் அப்படி. ஆனால் காலை முதல் இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டில், மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் முத்திரை நாளடைவில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடும் அபாயம் அதற்கு உண்டு. நம் பக்கத்துக் கூடங்களுக்கு எல்சிடி வகையே போதும் என்பது என் கருத்து.

அதிலும் ஒரு பிரிவு உண்டு. சின்ன அறைக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. ‘ஐபிஎஸ்’ வகைத் திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் வண்ணம் அதிகம் மாறாது. ‘விஏ’ வகையில் கருப்பு நன்றாக வரும். ஆனால் சாய்வாகப் பார்த்தால் படம் வெளுக்கும். பெரிய கூடத்தில் எல்லோரும் தள்ளி, ஏறக்குறைய நேராக உட்காருவார்கள். சின்ன அறையில்தான் சாய்வு அதிகம்: ஆறடி தள்ளி, நடுவிலிருந்து ஐந்தடி ஒதுங்கி மூலையில் உட்கார்ந்திருக்கும் அத்தை திரையை 40 டிகிரி சாய்வில் பார்க்கிறார். மாமா நேர் எதிரே கட்டிலில் இருப்பதால் அவருக்கு இது தெரியாது. அத்தைக்காக ஐபிஎஸ் வாங்குங்கள். விற்பவருக்கே இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, டி.வி.யின் முன்னால் நின்று பார்த்துவிட்டு, இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி பாருங்கள். ஆட்களின் முகம் வெளுக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணே சொல்லும்.

கடையில் இன்னொன்றும் செய்யலாம். விளம்பரப் படத்தை நிறுத்திச் சாதாரணக் கேபிள் சேனலை வைக்கச் சொல்லுங்கள், பட அமைப்பை ‘சினிமா’ அல்லது ‘ஸ்டாண்டர்ட்’ என்று மாற்றச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பணம் உங்களுடையது. சினிமா நொடிக்கு 24 படமாக எடுக்கப்படுகிறது. இடையிடையே இல்லாத படங்களைத் தானே கற்பனை செய்து நிரப்பும் ஒரு வசதி பல டி.வி.க்களில் இருக்கிறது. அதனால் நல்ல படமும் வீட்டுக் கல்யாண வீடியோ மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். வீட்டுக்கு வந்ததும் அதை அணைத்துவிடுங்கள். வாசலுக்கோ ஜன்னலுக்கோ நேர் எதிரே மாட்டினால் எந்தத் திரையும் கண்ணாடியாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒலியைப் பற்றிப் பேச அதிகமில்லை. தட்டை டி.வி.யில் ஸ்பீக்கருக்கு இடமே இல்லாததால் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்து முணுமுணுக்கும். அமைதியான வீட்டில் அது போதும். சோமனூர், பல்லடம் பக்கம் சுவருக்கு அப்பால் விசைத்தறி ஓடும் வீடு என்றால் ஒரு சின்ன சவுண்ட்பார் வாங்கி ‘ஏஆர்சி’ என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் செருகிக்கொள்ளலாம். ஐந்து திசையில் ஸ்பீக்கர் வைக்கும் ஏற்பாடெல்லாம் பத்தடி அறைக்கு வீண் செலவு.

இணையத்திலிருந்து நேராகப் படம் காட்டும் ‘ஸ்மார்ட்’ வசதிக்காகவும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். திரை பத்தாண்டு உழைக்கலாம். உள்ளே இருக்கும் மென்பொருள் நான்கைந்து ஆண்டில் மூச்சுவாங்கத் தொடங்கும். அப்போது டி.வி.யின் பின்னால் செருகினால் அதே வசதியைத் தரும் குச்சி போன்ற சாதனம் ஒன்றை வாங்கினால் வேலை முடிந்தது.

வரி பற்றி ஒன்று. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, 32 வரை 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம்தான். வரிக்குப் பயந்து 32-லேயே நின்ற காலம் போய்விட்டது. மின்கட்டணத்துக்கும் பயப்பட வேண்டாம்: 100 வாட் இழுக்கும் டி.வி. தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஐப்பசி மழையில் மட்டும் இடி நெருங்குவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்குவதோடு கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள்; எல்லோரும் மறந்துவிடும் அந்த வயர் வழியாகவும் மின்னல் உள்ளே வரலாம்.

வாடகை வீடாக இருந்தால் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளும் வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். மேசைமேல் வைப்பதானால் டி.வி.யின் இரண்டு கால்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடையிலேயே அளந்து வாருங்கள். பலவற்றில் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருப்பதால் பழைய டி.வி. ஸ்டாண்டு பத்தாது. வண்டியில் கொண்டுவரும்போது பெட்டியை நிமிர்த்தித்தான் பிடிக்க வேண்டும், படுக்கவைத்தால் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது கண்ணாடி போய்விடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் பெட்டியைப் பிரித்து, படத்தை ஓடவிட்டுப் பாருங்கள்.

மாமாவின் 55 இன்ச் அதே சுவரில்தான் இருக்கிறது. எச்டிஎம்ஐ வயர் வந்த பிறகு குறை சொல்வதில்லை. கட்டிலை மட்டும் சுவரோடு சுவராக இன்னும் அரையடி தள்ளிப் போட்டிருக்கிறார். அலமாரிக் கதவைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் அத்தை தன் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருக்கிறார். பால் கணக்கு இன்னும் சமையலறையில்தான்.